படத்துக்கு அக்கட்டால

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது திருமூர்த்தி ஸ்டுடியோ. திருமூர்த்தி நான்தான். எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வராதா பின்னே? பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டு, 'ஏனுங்க, என்ற கண்ணு மூடியிருக்குது, காசத் திருப்பிக் குடுங்க' என்று என்னிடமே சண்டைக்கு வருகிற ஊர் இது. புத்தனே ஸ்டுடியோ வைத்தாலும் ஒரு வருஷத்தில் கத்த ஆரம்பித்துவிடுவான்.

1994 ஆனி மாதத்தில் மயில்சாமி நாலு பிலிம் ரோலைக் கொண்டுவந்து கொடுத்தான். "எல்லாத்தையும் போஸ்ட்கார்டு சைசுல போட்டுக் குடுங்ணா. ஒன்னுகூட உட்றக்கூடாதுங்க" என்றான். கோயமுத்தூர் லேபுக்கு அனுப்பிப் பிரிண்ட் வாங்கிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அரைப் படகு. அரைத் தென்னைமரம். கதவு இருக்கிற வீட்டுக்குக் கூரை இல்லை, கூரை இருக்கிற வீட்டுக்குக் கதவு இல்லை.

"ஏப்பா, வெளிநாட்டுக்குப் போயி இத்தனை பிலிமைக் காலி பண்ணியிருக்கற. ஒரு படத்துலயாவது ஒரு பொருளு முழுசா இருக்குதா?" என்று கேட்டேன்.

"தனித்தனியாப் பாத்தா அப்படித்தானுங்ணா இருக்கும். சேத்துப் பாருங்க" என்றவன், என் கண்ணாடி மேஜை மேல் இருந்த ஆல்பம், டெலிபோன், பேனா டப்பா எல்லாவற்றையும் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுப் படங்களை வரிசையாக அடுக்கினான். ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்றின் விளிம்பு. அரைப் படகு முழுப் படகானது. கூரை கதவோடு சேர்ந்தது. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு கடற்கரை ஊர் நீண்டு கிடந்தது. எனக்குக் கோபம் போய்விட்டது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மயில்சாமி பல்லடத்துக்குக் கிழக்கே ஒரு ஊரின் காலனியில் பிறந்தவன். அப்பா அம்மா இருவருக்கும் ஆயுசெல்லாம் தோட்டத்து வேலைதான். இவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனான். எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கோழிப்பண்ணை முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்பிக் கூண்டு செய்கிற ஒரு கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தான். அந்தக் கம்பெனிக்கு ஆப்பிரிக்காவில் ஆர்டர் கிடைத்தது. தான்சானியா நாட்டில் டாங்கா என்று ஒரு துறைமுகப் பட்டணம், அதை ஒட்டிய கடற்கரை ஊர்களில் பண்ணைகள். கல்யாணமான நாலாம் மாதமே மயில்சாமியை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தவன் அவன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். வந்தது மனைவி கிருபாவைக் கூட்டிப்போக. கம்பெனி வீடு கொடுத்துவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்த கிருபா, வேலையை விட்டுவிட்டுப் பெட்டியும் கட்டிவிட்டாள். அவளுடைய அம்மா சுப்பாத்தாள்தான் விடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

சுப்பாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் இறந்துபோனவள், ஒரே மகள். நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை. வெள்ளைப் பஞ்சு மலையில் ஒரு சாக்கு நார் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புருஷன் வழியில் சர்ச்சு, பிறந்த வழியில் மாரியம்மன். இரண்டு பக்கமும் குறை வைக்கமாட்டாள். ஊரில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை.

அந்த வருஷம் அவள் பயந்ததில் தப்பே கிடையாது. ருவாண்டாவில் ஆட்களை வெட்டி ஆற்றில் விட்ட படங்களை டிவியில் நானும்தான் பார்த்தேன். அந்த ஆறு தான்சானியா எல்லையை ஒட்டி ஓடுகிறது என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். அதோடு முடிந்தது கதை. மயில்சாமி தான் இருக்கிற ஊரின் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு படத்துக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"இக்கட்டால தென்னமரம் இருக்குது, சரி. அக்கட்டால என்ன இருக்குதுன்னு நீங்க காட்டலயே மாப்ள?"

போன வருஷமும் அவன் அனுப்பிய படங்களுக்கு இதே கேள்வியைத்தான் சொல்லியனுப்பினாளாம். அதற்காகத்தான் இந்த முறை வருவதற்கு முன் ஒரு நாள் முழுக்க நடந்து, விளிம்பு விளிம்பாக அந்த ஊரை எடுத்திருக்கிறான். கிசிவானி என்று அந்த ஊருக்குப் பெயர்.

"அக்கட்டாலயும் இருக்குது, அதுக்கு அக்கட்டாலயும் இருக்குதுங்ணா. ஒட்டிக் குடுங்க, கொண்டுபோய்க் காட்டிப்போடறேன். அடுத்த மாசம் நான் திரும்பிப் போகோணும். கிருபா வரலீன்னா இன்னும் மூணு வருசம்" என்றான். எனக்குப் பாவமாகிவிட்டது.

பக்கத்துக் கடை முஸ்தபா பாய். படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிறவர். நீளப் பலகை ஒன்றை அறுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஒட்ட உட்கார்ந்தோம். அப்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. லேப் மெஷின் ஒவ்வொரு பிரிண்டுக்கும் அதன் இஷ்டத்துக்குக் கலர் போட்டிருந்தது. வானம் துண்டுக்குத் துண்டு வேறு நீலம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடல் கோடு ஒரு இடத்திலும் சேரவில்லை. படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது.

"ஒரே எடத்துல நின்னு திரும்பித் திரும்பி எடுக்கோணும்ப்பா. நீ எப்படி எடுத்த?"

"பக்கவாட்டுல நாலெட்டு வெச்சு ஒன்னு, நாலெட்டு வெச்சு ஒன்னுங்க."

கோழிக்கூண்டு வரிசையைச் சரிபார்க்கிறவன் நடக்கிற நடை அது. ஊரையும் ஷெட்டு மாதிரியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். முஸ்தபா பாய் சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்தது.

ஒட்டுகிற நேரமெல்லாம் மயில்சாமி பேசிக்கொண்டே இருந்தான். அந்தக் கரைக்கு அரபிக்காரர்கள் வந்தார்கள், போர்ச்சுகீஸ்காரன் வந்தான், ஜெர்மன்காரன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். மனுஷரைச் சந்தையில் நிறுத்தி விற்ற துறைமுகங்கள் அந்தக் கரையில் இருந்திருக்கின்றன. ஐரோப்பாவில் மேஜையைப் போட்டு உட்கார்ந்து அந்தக் கண்டத்தைக் கோடு போட்டுப் பங்கு பிரித்தார்கள். ஒரே சனம் ரெண்டு நாடாகவும், ஒத்துவராத சனம் ஒரே நாடாகவும் ஆனது அப்படித்தான். சுதந்திரம் வந்த பிறகு தான்சானியாவில் சிதறிக் கிடந்த சனத்தை ஒரே ஊராக உட்காரவைத்துக் கூட்டாக விவசாயம் பார்க்கச் சொன்னார்களாம். விவசாயம் எடுபடவில்லை. ஆனால் அத்தனை இனத்துக்கும் சுவாஹிலி என்று ஒரு பொதுப் பேச்சு நிலைத்துவிட்டது. மசூதிக்காரரும் சர்ச்சுக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றாமல் அடுப்பு எரியாது. சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான் பெயர்.

"ருவாண்டாவுல வெட்டிக்கிட்ட அதே மாசத்துலதாங்ணா, தெக்குக் கடைசியில, தென்னாப்பிரிக்காவுல, கறுப்புச் சனமெல்லாம் மொதமொறையா ஓட்டுப் போட்டுது. எங்க ஊர்ல ரேடியோவச் சுத்தி உக்காந்து அதக் கேட்டு அழுதாங்க, இதக் கேட்டும் அழுதாங்க. இங்க இருக்கறவங்களுக்கு எல்லாம் ஒரே ஆப்பிரிக்கா."

நானும் அதுவரை ஆப்பிரிக்காவை உடுமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு ஊர் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பலகையை டவுன் பஸ் மேல் கட்டி எடுத்துக்கொண்டு சுப்பாத்தாள் வீட்டுக்குப் போனோம். காலனியே கூடிவிட்டது. எனக்கு நாற்காலி போட்டார்கள். சுப்பாத்தாள், "எங்கூட்டுல டீத்தண்ணி குடிப்பீங்களா போட்டோக்காரத் தம்பி?" என்றாள். "வெச்சுக் குடுத்தாக் குடிக்காம என்னுங்க அக்கா?" என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ கொடுத்தாள். பிறகு பலகைக்கு எதிரே குனிந்தாள். இடது முனையிலிருந்து, கழிவுப் பஞ்சு பார்க்கிற அதே பார்வையோடு மெதுவாக நகர்ந்தாள். பாதி தூரம் போனதும் நின்றாள். திரும்ப முதலுக்கு வந்தாள்.

"இங்க செவப்புத்துணி கட்டீட்டு ஒருத்தி நிக்கறா. இங்கயும் அவளே நிக்கறா. இதென்ன, படகுக்குப் பக்கத்துலயும் அவளே! ஊருக்கே ஒரு பொம்பளதானா? மாப்ள, இது நெசமான ஊரு இல்ல. டிராமாக்காரன் மாதிரி செட்டுப் போட்டு எடுத்துப்போட்டீங்க."

கூட்டம் சிரித்தது. மயில்சாமிக்கு முகம் செத்துவிட்டது. ஒட்டும்போது நாங்கள் கடலைச் சேர்ப்பதிலேயே குறியாக இருந்தோம். அந்தப் பெண்பிள்ளையை மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க அக்கா, அதென்ன குத்தங் கண்டுபிடிக்கறதுக்குன்னே பாக்கறீங்க?" என்று கத்திவிட்டேன்.

சுப்பாத்தாள் கத்தவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாள்: "கோயில் நோம்பிக்கு ஊர்ப்படம் எடுப்பாங்க தம்பி. கல்யாணத்துல எடுப்பாங்க. பந்தல் போட்டதுலிருந்து பாத்திரம் கழுவுனது வரைக்கும் நாங்கதான். படம் எடுக்கறப்ப மட்டும் தள்ளி நில்லுன்னு சொல்லிப்போடுவாங்க. என்ற ஆயுசுல பாதி, படத்துக்கு வெளியதான் நின்னிருக்கறேன். அதனால எந்தப் படத்தப் பாத்தாலும் வெளிய என்ன நிக்குதுன்னுதான் மொதல்ல தேடுவேன்."

அப்படித் தள்ளி நிற்கச் சொல்கிற தொழிலில்தான் நானும் இருந்தேன்.

மயில்சாமிதான் மெதுவாகப் பேசினான். "அத்தை, அது ரெஹேமா அக்காங்க. பக்கத்து ஊடு. நான் கேமராவத் தூக்கிட்டுக் கிளம்புனதும் கூடவே வந்துட்டாங்க. நான் நாலெட்டு வெச்சா அவங்களும் நாலெட்டு. நான் நின்னா நிப்பாங்க. வேண்டாங்க, நீங்க போங்கன்னா கேக்கல."

"அவ எதுக்கு உங்க கூடவே வந்தா?"

"ஒரம்பரையா, விருந்தாளியா வந்தவங்களத் தனியா நடக்க உடக்கூடாதுங்களாமா அந்த ஊர்ல. நான் போயி ரெண்டு வருசமாச்சு. இன்னும் என்னய ஒரம்பரைன்னுதான் சொல்றாங்க."

சுப்பாத்தாள் மறுபடி குனிந்தாள். இந்தமுறை ஊரைப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புத் துணிக்காரியை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள். துணியின் ஓரத்தில் ஏதோ எழுத்து இருந்தது. என்ன என்று கேட்டாள். அங்கே பெண்கள் கட்டுகிற துணியில் ஒரு பழமொழி அச்சடித்திருக்குமாம். "அவசரத்துல நல்லது நடக்காதுன்னு எழுதியிருக்குதுங்க" என்றான் மயில்சாமி.

"பதறாத காரியம் சிதறாது" என்றாள் சுப்பாத்தாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

அதுவரை கதவோரம் நின்றிருந்த கிருபா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அக்கட்டால என்ன இருக்குதுன்னு நானே போய்ப் பாத்துச் சொல்றேன். அனுப்பி வையி."

சுப்பாத்தாள் மூக்கைச் சிந்தினாள். "சட்டினிப்பொடி இடிச்சுத் தாரேன். அவளுக்கும் ஒரு டப்பா எடுத்துட்டுப் போ" என்றாள். மயில்சாமி அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டான்.

கிருபா போனாள். போனவள் அங்கே தையல் மெஷின் போட்டு, பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைத்தாள் என்று கேள்விப்பட்டேன். இடையில் ஒரு லீவில் இருவரும் வந்து போனார்கள். அந்தப் பலகையைச் சுப்பாத்தாள் எனக்கே கொடுத்துவிட்டாள். அவள் வீட்டில் அவ்வளவு நீளச் சுவர் இல்லை. முஸ்தபா பாய் சட்டம் போட்டு என் ஸ்டுடியோவில் மாட்டினார்.

1997 கடைசியில் கிருபா கர்ப்பமாக இருக்கிற சேதி வந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஏழாம் மாதம் பிறந்ததும் வந்துவிடுவதாக ஏற்பாடு. சுப்பாத்தாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள்.

அடுத்த பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தன. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பல்லடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முஸ்தபா பாய் கடை திறக்கவில்லை. யாரும் சாத்தச் சொல்லவில்லை; அவருக்கே பயம். நான் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து ஷட்டரை நானே தூக்கிவிட்டேன். "எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன், உக்காருங்க பாய்" என்று நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

அந்த வாரம் ஸ்டுடியோவுக்கு மயில்சாமியின் போன் வந்தது. "பாய் நல்லா இருக்காருங்ளா?" என்றுதான் முதலில் கேட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான். "கிருபா வரமுடியாது போலிருக்குதுங்ணா. ரேடியோவுல சேதி கேட்டதுலிருந்து ரெஹேமா அக்கா ஒரே அழுகை. வயித்துப் புள்ளைக்காரிய அந்த ஊருக்கு அனுப்பமாட்டேன், பிரசவத்த நானே பாத்துக்கறேங்கறாங்க. பெட்டியக் கொண்டுபோயி அவங்க கட்டலுக்கு அடியில வெச்சுப்போட்டாங்க. எனக்குமே பயமாத்தானுங்க இருக்குது."

சுப்பாத்தாளுக்குச் சொல்லியனுப்பினேன். மில்லிலிருந்து தலையில் பஞ்சோடு ஓடிவந்தாள். கேட்டதும் பொங்கிவிட்டாள். "கோயமுத்தூரு எங்க இருக்குது, நம்மூரு எங்க இருக்குது? ஒரு பக்கம் வெடிச்சா எல்லாப் பக்கமும் வெடிச்ச மாதிரியா?"

எனக்கு விடமுடியவில்லை. "அக்கா, ருவாண்டாவுக்கும் அவங்க ஊருக்கும் ஆயிரம் கிலோமீட்டர். கோயமுத்தூருக்கும் நமக்கும் டவுன் பஸ் ஓடுது" என்றேன். முறைத்தாள். பிறகு சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள்.

"தம்பி, நம்மூரை இதே மாதிரி எடுங்க. அந்த ரெஹேமா பாக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி பஸ் ஸ்டாண்டு முன்னால் நின்றேன். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து மட்டம் பார்த்தேன். இந்தமுறை கோடு கோணக்கூடாது. ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுக்கப்போகிறேன். இடது முனையில் என் ஸ்டுடியோ, அதை ஒட்டி முஸ்தபா பாய் கடை. பாய் உள்ளே போகப் பார்த்தார். "வெளிய வாங்க பாய், உங்களையும் பாக்கோணுமில்ல அவ" என்று சுப்பாத்தாள் அதட்டினாள். அவர் சட்டையைச் சரி செய்துகொண்டு வந்து நின்றார். பக்கத்தில் சுப்பாத்தாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற சிவப்புச் சேலையில்.

முதல் படம் எடுத்தேன். கேமராவைத் திருப்பினேன். டீக்கடை, விசைத்தறிக்குப் பாவு நூல் ஏற்றிப்போகிற வண்டி, முட்டை லாரி, பஸ் ஏற நிற்கிற சனம். கடைசித் துண்டுக்கு வந்து கண்ணை வைத்துப் பார்த்தால், அங்கே பூக்கடைக்குப் பக்கத்தில் சுப்பாத்தாள் மூச்சு வாங்க நிற்கிறாள். என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறாள்.

"அக்கா, தள்ளுங்க! ரெண்டு எடத்துல நின்னா பொய்ப்படம்னு சொல்லிப்போடுவாங்க" என்று கத்தினேன்.

"அவ சொல்லமாட்டா. அப்படிச் சொன்னவ நான் ஒருத்திதான். நீங்க எடுங்க தம்பி."

எடுத்தேன். தள்ளி நில்லு என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் டாங்கா போகிற கம்பெனி ஆள் ஒருவரிடம் படங்களை நீளத் தாளில் ஒட்டிச் சுருட்டிக் கொடுத்தனுப்பினோம். பத்து நாள் பொறுத்து மயில்சாமியின் போன் வந்தது. சுப்பாத்தாளும் பாயும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். நான் கேட்கக் கேட்கத் திருப்பிச் சொன்னேன்.

ரெஹேமா படத்தைத் தரையில் விரித்துப் பார்த்தாளாம். பாயைப் பார்த்தாளாம். கூட்டத்தைப் பார்த்தாளாம். சிவப்புச் சேலையை இந்த முனையில் பார்த்துவிட்டு, அந்த முனையிலும் பார்த்ததும், தன் சிவப்புத் துணியைத் தொட்டுக்கொண்டு சிரித்தாளாம். பிறகு நடுவில் விரலை வைத்து, "இங்கே அம்மா எங்கே போனார்கள்?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்னுங்ணா சொல்றது? படத்துக்கு வெளிய கூடவே நடந்து வந்திருப்பாங்கன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயி கட்டலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துட்டு வந்துட்டாங்க. ஏர்போர்ட்டு வரைக்கும் நானும் வருவேன், தனியா அனுப்பமாட்டேன்னு சொல்றாங்க" என்றான் மயில்சாமி.

நான் சொல்லி முடித்ததும் சுப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மாப்ள, எந்தத் தேதிங்க? நான் கோயமுத்தூருக்கு வந்து நிக்கறேன்."